எந்தச் சொல்லுக்கு முதல் இடம்? இணையதளத்தின் தேடல் நிலையை அளக்கத் தேடுசொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேலூர் காந்தி சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் விடுதி நடத்தும் ஒருவர், “சார், கூகுள்ல நம்ம லாட்ஜ்தான் முதல்ல வருது” என்று மகிழ்ச்சியோடு சொல்லித் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவர் தட்டியிருந்தது அவருடைய விடுதியின் முழுப்பெயர். பெயரைச் சொல்லித் தேடினால் அந்தப் பெயருக்கு உரியவர் முதலில் வருவது இயல்பு. அந்தப் பெயரையே அறியாமல், சிகிச்சைக்காக வேலூர் வரக் கொல்கத்தாவிலோ குவாஹாட்டியிலோ ரயில் ஏறுவதற்கு முன் தங்குமிடம் தேடும் குடும்பத்தின் கண்ணில் அவர் விடுதி படுகிறதா என்பதுதான் அவருடைய பிழைப்போடு தொடர்புள்ள கேள்வி. அதை அவரும் கேட்கவில்லை. அவருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்த நானும் அதுவரை கேட்கச் சொல்லவில்லை.

“ரேங்க்”, “கீவேர்ட்”, “முதல் பக்கம்” என்ற சொற்கள் இன்று கடைத்தெருவில் சரளமாகப் புழங்குகின்றன. ஆனால் எந்தச் சொல்லை வைத்து அளக்கிறோம் என்று சொல்லாமல் ரேங்க் பற்றிப் பேசுவது, படி எது, மரக்கால் எது என்று சொல்லாமல் நெல் அளப்பதைப் போன்றது. அளக்கும் சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, இத்துறைக்குப் புதியவர்களும் பின்தொடரும் வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

கேட்பவரைப் பொறுத்து மாறும் பதில்

ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று “நல்ல பிரியாணிக் கடை எங்கே?” என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். அதே கேள்வியை வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் கேட்டால் வேறொரு பதில் கிடைக்கும். குடும்பத்தோடு வந்தவர் கேட்டால் ஒரு கடையையும், அவசரமாகப் பார்சல் வாங்க வந்தவர் கேட்டால் இன்னொரு கடையையும் காட்டுவார்கள். “இந்த ஊரில் இந்தக் கடைக்கு இத்தனையாவது இடம்” என்று எந்தச் சுவரிலும் எழுதிவைக்கவில்லை. கேள்வி எழும்போதுதான் வரிசையும் உருவாகிறது.

தேடுபொறியும் இப்படித்தான் இயங்குகிறது. அதன் வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதலில், இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகள் வழியே தானாகச் சென்று படிக்கும் நிரல் ஒன்று பக்கங்களைச் சேகரிக்கிறது. அடுத்து, சேகரித்தவற்றை, எந்தச் சொல்லும் பொருளும் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று காட்டும் பெரிய அட்டவணையில் பதிக்கிறது. கனமான நூல்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போன்றது அது. மூன்றாவதாக, ஒருவர் தேடும் அந்தக் கணத்தில் அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் உங்கள் பக்கம் எத்தனையாவதாக நிற்கிறதோ, அதுவே அதன் தேடல் இடம். மக்கள் ரேங்க் என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாம் கட்டத்தில் தேடியவரின் ஊர், மொழி, அவர் கையில் இருப்பது கைப்பேசியா கணினியா என்பனவும் கணக்கில் வருகின்றன. விடுதி, உணவகம், மருந்துக்கடை போன்ற உள்ளூர்த் தேடல்களில் வரைபடத்தோடு சில கடைகளைக் கூகுள் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசைக்கு முதன்மையான அடிப்படைகளாக அது சொல்பவை பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றுமே. தொலைவு என்பது தேடுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. எனவே தம் விடுதி வாசலில் நின்றுகொண்டு, தம் கைப்பேசியில், தம் கணக்கில் தேடிப் பார்க்கும் உரிமையாளர் காண்பது மேற்கு வங்கத்தின் மால்டாவில் இருப்பவர் காணும் வரிசை அன்று.

சுருங்கச் சொன்னால், தேடல் இடம் என்பது இணையதளத்துக்கு ஆளின் உயரத்தைப் போல நிலையான பண்பு அன்று. ஒரு சொல், ஓர் இடம், ஒரு மொழி, ஒரு கருவி ஆகியவை சேர்ந்தால்தான் அதற்கு ஓர் எண் கிடைக்கும்.

ஒரு பானைச் சோறும் பல பானைச் சோறும்

கடைத்தெருவில் கீவேர்ட் என்று சொல்லப்படும் தேடுசொல் என்பது தேடுபொறியின் பெட்டியில் ஒருவர் தட்டும் சொல் அல்லது சொற்றொடர். ஒரு சிறு விடுதியின் இணையதளம்கூட நூற்றுக்கணக்கான தேடுசொற்களுக்கு எங்கோ ஓரிடத்தில் தோன்றிக்கொண்டிருக்கும். நாள்தோறும் தமக்கு வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆகவே எல்லாச் சொற்களையும் பட்டியலிட்டுக் கவனிப்பது நடவாத காரியம். சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, அவற்றின் இடத்தைத் தவணைதோறும் குறித்துவைத்து, அதைக்கொண்டு முழுத்தளத்தின் போக்கையும் ஊகிக்க வேண்டும். இப்படிக் கவனிப்பதற்கென்று தேர்ந்தெடுத்த சொற்களைக் கண்காணிப்புச் சொற்கள் என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அது உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். இணையதளம் அப்படிப்பட்ட பானை அன்று. அறை வாடகை பற்றிய பக்கம் ஒரு பானை, காட்பாடி சந்திப்பிலிருந்து விடுதிக்கு வரும் வழியைச் சொல்லும் பக்கம் இன்னொரு பானை, சுற்றுலா வருவோருக்காகக் கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் விவரிக்கும் பக்கம் மூன்றாவது பானை. ஒன்றில் எடுத்த சோறு மற்றொன்றின் பதத்தைச் சொல்லாது. ஒவ்வொரு பானையிலிருந்தும் சில பருக்கைகளை எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கண்காணிப்புப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தச் சொல்லுக்கு நம் தளம் மேலே ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்காகவே நூற்றுக்கணக்கான சொற்களைச் சேர்க்கச் சொல்லிப் பணமும் கட்டுகிறார்கள். மழைமானியை வைப்பதால் மழை பெய்வதில்லை. பட்டியல் அளப்பதற்கு மட்டுமே உரியது. இந்த நம்பிக்கைக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில் கீவேர்டுகளை எழுதிவைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. இணையத் தேடலின் வரிசைக்கு அந்த வரியைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதன் பிறகும் அந்த வரியை நிரப்பித் தருவதை ஒரு சேவையாக விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. “முதல் இடம் உறுதி” என்று எழுதிக் கொடுப்பவர்களிடமும் கவனம் தேவை. அப்படி உறுதி தர யாராலும் இயலாது என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது.

வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்

தேர்வில் பெரும்பாலோர் வழுக்கும் இடம் இது என்பதால் இங்கே சற்று விரிவாகவே நிற்கிறேன்.

நான் சொன்ன விடுதி உரிமையாளரிடம் ஒரு தாளைக் கொடுத்து, “உங்களைத் தேடி வருபவர்கள் என்ன தட்டுவார்கள்?” என்று கேட்டபோது அவர் எழுதியவை: வேலூர் டீலக்ஸ் லாட்ஜ், வேலூர் ரெசிடென்சி, வேலூரில் சிறந்த தங்கும் விடுதி, ஏ.சி. ரூம் வேலூர். எல்லாமே அவருடைய பெயர்ப்பலகையில் இருக்கும் சொற்கள். பிறகு வரவேற்பு மேசையில் அரை நாள் உட்கார்ந்து, தொலைபேசியில் வந்த கேள்விகளை இருவருமாகக் குறித்தோம். “சி.எம்.சி.க்கு (கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு) நடந்து வரலாமா?” “ரூமில் சமைத்துக்கொள்ள விடுவீர்களா?” “மாத வாடகைக்குக் கிடைக்குமா?” “நோயாளியோடு மூன்று பேர் தங்கலாமா?” “லிஃப்ட் இருக்கிறதா?” டீலக்ஸ் என்ற சொல்லை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

காரணம் எளிது. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வேலூர் வருபவர்கள் ஓரிரு நாளில் திரும்புவதில்லை. பரிசோதனை, முடிவுக்காகக் காத்திருப்பு, மறுபடியும் மருத்துவரைப் பார்ப்பது என்று வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அத்தனை நாளும் வெளியில் சாப்பிட்டால் செலவு தாங்காது. நோயாளியின் வயிறும் தாங்காது. அதனால்தான் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன, கடைப் பலகைகளில் வங்க எழுத்தும் இருக்கிறது. வேலூரில் வளர்ந்த எவரும் தினமும் பார்க்கும் காட்சி இது. ஆனால் அதே வேலூர்க்காரர் இணையதளத்துக்குச் சொல் தேர்ந்தெடுக்க உட்காரும்போது அந்தத் தெருவை மறந்துவிடுகிறார்.

தட்டிய சொல்லுக்குப் பின்னால் தேடுபவருக்கு இருக்கும் தேவையைத் தேடல் நோக்கம் என்பார்கள். “வேலூர்க் கோட்டை வரலாறு” என்று தேடுபவருக்குத் தேவை தகவல். “சி.எம்.சி. அருகில் சமையலறையுள்ள ரூம்” என்று தேடுபவர் பணம் செலுத்தி முன்பதிவு செய்ய ஆயத்தமாக இருக்கிறார். முதல் சொல்லைத் தேடுபவர்கள் அதிகமாக இருக்கலாம். விடுதியின் அறையை நிரப்புபவர்கள் இரண்டாம் வகையினரே. அப்படிப் பல சொற்கள் சேர்ந்து, தேவையைத் துல்லியமாகச் சொல்லும் தொடரை நீள் தேடுசொல் என்பது வழக்கம். ஒவ்வொரு நீள் தேடுசொல்லையும் தேடுபவர் எண்ணிக்கை குறைவு. ஆனால் போட்டியும் குறைவு, வருபவர் வாடிக்கையாளர் ஆகும் வாய்ப்பும் கூடுதல்.

எழுத்து வடிவத்தையும் பார்க்க வேண்டும். வேலூர் மாவட்டத்து முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் விதையை இணையத்தில் விற்பவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சந்தையில் அதை “இலவம்பாடிக் கத்தரிக்காய்” என்று ஊர்ப்பெயரோடு கேட்பவர்கள் உண்டு, “முள்ளுக் கத்திரிக்காய்” என்று கேட்பவர்களும் உண்டு. கத்தரியா கத்திரியா என்பதிலேயே இரண்டு எழுத்துமுறை. தமிழ் எழுத்தில் தட்டுபவர், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர், ஆங்கிலப் பெயரையே தட்டுபவர் என்று ஒரே காய்க்கு எத்தனையோ வடிவங்கள். தேடுபொறி இவற்றில் பலவற்றை ஒன்றெனப் புரிந்துகொள்ளும். எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் என்று நம்பிவிட முடியாது. வடிவம் மாறினால் முடிவு வரிசை உண்மையிலேயே மாறுகிறதா என்று தேடிப் பார்த்து, மாறினால் இரண்டையும், மாறாவிட்டால் ஒன்றை மட்டும் பட்டியலில் வைத்தால் போதும்.

திரட்டும் இடங்கள்

வரவேற்பு மேசையும் தொலைபேசியும் வாட்ஸ்அப் உரையாடலும் முதல் ஊற்று. இரண்டாவது ஊற்று கூகுள் சர்ச் கன்சோல். தளம் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்தால் இலவசமாகக் கிடைக்கும் இந்தக் கருவி, எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பதைக் கடந்த 16 மாதங்கள் வரை காட்டும். அங்கே மூன்று அளவைகளை அறிந்தால் போதும். முடிவுப் பட்டியலில் உங்கள் பக்கம் ஒருமுறை இடம்பெறுவது ஒரு தோற்றம். அதைத் தொட்டு ஒருவர் உங்கள் தளத்துக்கு வருவது ஒரு சொடுக்கு. தோன்றிய தடவைகளிலெல்லாம் நின்ற இடங்களின் சராசரி, சராசரி இடம். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதிக் கூகுள் மறைத்துவிடுகிறது என்பதால் இந்தப் பட்டியல் முழுமையானது அன்று. ஆனாலும் ஊகத்தால் எழுதிய எந்தப் பட்டியலையும்விட நம்பத்தக்கது.

மூன்றாவது, தேடல் பெட்டியில் பாதி தட்டும்போதே கீழே விரியும் பரிந்துரைகள். நான்காவது, கூகுளின் விளம்பரப் பிரிவிலுள்ள கீவேர்ட் பிளானர். ஒரு சொல்லை மாதத்தில் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்ற தேடல் அளவை அது காட்டும். விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாதவர்களுக்கு 100 முதல் 1,000 வரை என்பது போன்ற அகலமான எல்லைகளாகவே அது எண்ணைத் தரும். எனவே அதை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிக்கும் வேலை

திரட்டினால் சொற்கள் இருநூறைத் தாண்டும். கழிப்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே: இந்தச் சொல்லுக்கான இடம் அடுத்த மாதம் பத்து படி இறங்கினால் நான் எழுந்து ஏதாவது செய்வேனா? செய்யமாட்டேன் என்றால் அது பட்டியலில் இருந்து என்ன பயன்?

இந்தச் சல்லடையில் முதலில் விழுபவை, தேடுவாரே இல்லாத அலங்காரத் தொடர்கள். “வேலூர்க் கோட்டை அருகே மலிவான உயர்தரக் குடும்பத் தங்குமிடம்” போன்ற ஒரு தொடருக்கு முதல் இடம் பிடிப்பது எளிது. வேறு யாரும் அதை எழுதியிருக்கமாட்டார்கள், யாரும் தேடவும்மாட்டார்கள். மாத அறிக்கையைப் பச்சை அம்புக்குறிகளால் நிரப்ப இத்தகைய தொடர்கள் பயன்படுகின்றன. அறிக்கை வாங்குபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தேடல் அளவையும் தோற்றங்களையும் எழுதித் தரும்படி கேட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

அடுத்து விழுபவை, எட்டாத பெருஞ்சொற்கள். “விடுதி” என்ற தனிச்சொல்லுக்கு ஒரு காந்தி சாலை விடுதி முன்வர வாய்ப்பில்லை. ஒரு சொல்லை உண்மையில் தேடிப் பார்த்து, முதல் பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். பத்தும் நாடு முழுவதற்குமான முன்பதிவுத் தளங்கள் என்றால் அங்கே நம் இடம் 60இலிருந்து 50க்கு வந்தாலும் ஒரு அறைகூட நிறையாது. ஊர்ப்பெயர் குழப்பம் தருபவற்றையும் கவனிக்க வேண்டும். திருப்பத்தூர் என்ற ஊர் சிவகங்கை மாவட்டத்திலும் உண்டு. “திருப்பத்தூர் செருப்புக் கடை” என்ற சொல்லின் முடிவுகள் இரண்டு ஊரையும் கலந்து காட்டினால், அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் கடையின் பெயரைக் கொண்ட சொற்களைப் பெயர்ச்சொற்கள் எனத் தனிக் குழுவாக வையுங்கள். அவற்றை நீக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரைத் தேடும்போது வேறொருவர் முன்னால் வந்தால் அது உடனே தெரிய வேண்டும். மற்றச் சொற்களோடு கலந்து சராசரி எடுத்தால் மட்டும் படம் பொய்யாகிவிடும். விடுதி உரிமையாளர் என்னிடம் கைப்பேசியை நீட்டிய அன்று அவரை ஏமாற்றியதும் பெயர்ச்சொல்தான்.

எஞ்சிய ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதற்கு விடை சொல்ல வேண்டிய உங்கள் பக்கம் எது என்று எழுதுங்கள். பக்கமே இல்லாத சொல் என்றால், முதலில் பக்கத்தை எழுத வேண்டும். சிறு தொழில் ஒன்றுக்கு 20 முதல் 30 சொற்கள் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் வாரந்தோறும் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சொற்களை வாடிக்கையாளரின் வாயிலிருந்து எடுக்கிறோம், செயலுக்கு வழிகாட்டாதவற்றை விடுகிறோம், பெயர்ச்சொற்களைப் பிரிக்கிறோம், ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தோடு கட்டுகிறோம்.

எண்ணைப் படிப்பது

அளக்கும் நிலைமைகள் மாறக்கூடாது. கொல்கத்தாவிலிருந்து, வங்கமொழியில், கைப்பேசியில் தேடுபவரின் இடத்தை அளக்கிறோம் என்றால் ஒவ்வொரு வாரமும் அதையே அளக்க வேண்டும். இடத்தையும் மொழியையும் கருவியையும் குறிப்பிட்டு அளக்கும் வசதி பெரும்பாலான கண்காணிப்புச் செயலிகளில் உண்டு. ஓரிரு படி ஏற்ற இறக்கம் நாள்தோறும் நடப்பது. அதற்காகப் பக்கத்தைத் திருத்தத் தொடங்கக்கூடாது. ஒரு குழுவிலுள்ள சொற்கள் எல்லாம் சேர்ந்து சில வாரங்கள் தொடர்ந்து இறங்கினால்தான் அந்தப் பக்கத்தில் கோளாறு தேட வேண்டும்.

சராசரி இடம் ஏமாற்றும் விதத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன். சென்ற மாதம் உங்கள் தளம் சமையலறை அறை தொடர்பான தேடல்களில் 100 தடவை தோன்றியது, ஒவ்வொரு முறையும் மூன்றாம் இடத்தில். சராசரி 3. இந்த மாதம் அந்த 100 தோற்றங்களும் அதே மூன்றாம் இடத்தில் இருக்க, புதிதாக எழுதிய பயண வழிகாட்டிப் பக்கம் வேறு தேடல்களில் 100 தடவை 25ஆம் இடத்தில் தோன்றுகிறது. இப்போது கூட்டல் 300 உடன் 2,500, மொத்தம் 2,800. அதை 200ஆல் வகுத்தால் 14. மூன்றிலிருந்து பதினான்குக்கு விழுந்துவிட்டோம் என்று உரிமையாளர் பதறுவார். உண்மையில் எதுவும் விழவில்லை; புதிய பக்கம் ஒன்று வாசலுக்கு வந்திருக்கிறது. முழுத்தளத்தின் சராசரியை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த சொற்களைத் தனித்தனியாகவும் குழுவாகவும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இடம் மாறாமலே வருகை குறைவதும் உண்டு. முடிவுப் பக்கத்தின் மேற்பகுதியில் விளம்பரங்களோ வரைபடமோ கூகுளே தொகுத்துத் தரும் விடையோ வந்து உட்கார்ந்தால், மூன்றாம் இடம் என்பது கைப்பேசித் திரையில் இரண்டு விரல் தள்ளலுக்குக் கீழே போய்விடும். எனவே இடத்துக்குப் பக்கத்திலேயே சொடுக்குகளையும் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை முக்கியமான ஐந்தாறு சொற்களை நேரில் தேடி, திரை எப்படி இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

பட்டியலை மாற்றும் நேரம்

அடிக்கடி மாற்றினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாமல் போகும். மாற்றாமலே வைத்திருந்தால் சொற்கள் பழையனவாகும். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது; பின்னர் அந்தப் பழகிய பெயரும் ஆவணங்களிலிருந்து போயிற்று. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. “வேலூர் மாவட்டம் ஆம்பூர் தோல் ஷூ” என்று பழைய முகவரியோடு தேடுபவர்கள் இன்றும் இருக்கலாம், ஆனால் புதிய தலைமுறை அப்படித் தேடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, தோற்றங்கள் வற்றிப்போன சொற்களை நீக்கி, புதிதாகத் தலைகாட்டுபவற்றைச் சேர்ப்பது போதும். நீக்கிய சொல்லையும் நீக்கிய தேதியையும் பழைய ஏட்டில் அழிக்காமல் விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட வேண்டிவரும்.

அந்த விடுதி உரிமையாளரின் பட்டியலில் இப்போது 24 சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்பது வங்க எழுத்தில் உள்ளவை. மூன்று வாரமாக அங்கே தங்கி மனைவிக்குச் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்த மால்டா ஊர்ப் பெரியவர் ஒருவர், வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, தாம் ஊரில் இருந்தபோது என்ன தட்டித் தேடினார் என்பதைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.